கொல்லையில் பீச் மரம்: எல்பர்ட்டா ரகம் நம்ம டெல்டாவில் காய்க்குமா?

பதிவு 1 | அரசலாற்றுக்கரை

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்துக்குக் கிழக்கே அரசலாற்றை ஒட்டி எங்க வீடு. கொல்லையில தென்னை பட்டுப்போன இடம் ஒன்னு காலியா இருக்கு. அதுல பீச் வைக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. கோடையில கொடைக்கானல் போயிட்டு வர்றவங்க வாங்கிட்டு வர்ற பழத்தை வீட்டுல எல்லாரும் விரும்பிச் சாப்பிடுவோம்.

இப்ப இணையத்துல ஒரு நாற்றங்கால்காரர் "எல்பர்ட்டா பீச் ஒட்டுக்கன்று, தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்துக்கும் ஏற்றது, இரண்டாம் ஆண்டிலேயே காய்ப்பு"ன்னு விளம்பரம் போட்டிருக்கார். ஒரு கன்னு விலை நல்ல பூவன் தார் விலையைத் தாண்டுது. பணம் கட்டறதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுக்கலாம்னு வந்தேன். இந்த எல்பர்ட்டா எந்த ஊர் ரகம்? அதோட குணம் என்ன? செடி உயிரோட இருக்குமாங்கிறது என் கேள்வி இல்லை. பழம் வருமாங்கிறதுதான் கேள்வி.

பதிவு 2 | படுகைவாழை

திருவையாறு பக்கம் நான். செடி வரும், நல்லாவே வரும். பழம் வராது. எங்க ஊர்ல ஒருத்தர் மலையில இருந்து கன்னு கொண்டாந்து வச்சார். ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து நிக்குது. இலையெல்லாம் பச்சைப் பசேல்னு இருக்கு. இன்னிவரைக்கும் அதுல ஒரு பூ யாரும் பார்த்ததில்லை. என்ன ரகம்னு அவருக்கும் தெரியாது.

பதிவு 3 | பழனிமலைச்சாரல்

நான் பட்டுக்கோட்டை பக்கம் பிறந்தவன். வேலைக்காலம் முழுக்கக் கொடைக்கானல் மலைத் தோட்டங்களில் பழ மரங்களோடு கழிந்தது. இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. எல்பர்ட்டா என்பது பீச் வரலாற்றிலேயே பெரிய பெயர். அதை "எல்லா மாவட்டத்துக்கும் ஏற்றது" என்று விற்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதலில் பிறந்த கதை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மார்ஷல்வில் என்று ஒரு சின்ன ஊர். அங்கே சாமுவேல் ரம்ஃப் என்ற விவசாயி 1870-இல் சைனீஸ் கிளிங் என்ற மரத்தின் கொட்டைகளை ஊன்றினார். அந்தத் தாய் ரகம் அதற்கு 20 ஆண்டுகள் முன்பு, 1850 வாக்கில், சீனத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போனது. முளைத்த கன்றுகளில் ஒன்று காய்ப்புக்கு வந்தபோது அதன் பழம் பெரிதாக, மஞ்சள் சதையோடு, நல்ல கெட்டியாக இருந்தது. தன் மனைவி கிளாரா எல்பர்ட்டாவின் பெயரை அதற்கு வைத்தார். அதே ஊரில், அதே சீனத் தாயின் கொட்டையிலிருந்து ஜார்ஜியா பெல் என்ற வெள்ளைச் சதை ரகமும் வந்தது. ஒரே தாய்க்கு இப்படி இரண்டு பிள்ளைகள்.

எல்பர்ட்டாவுக்குத் தாய் யார் என்று தெரியும். தகப்பனை யாரும் கண்ணால் பார்க்கவில்லை, தேனீ செய்த வேலை அது. பக்கத்தில் நின்ற ஏர்லி கிராஃபோர்டு மரத்தின் மகரந்தமாக இருக்கலாம் என்பது பலரும் சொல்லும் கணிப்பு. அதை நம்புவதற்குப் பழத்துக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது. சைனீஸ் கிளிங் பழத்தில் சதை கொட்டையை விட்டுப் பிரியாது. எல்பர்ட்டாவில் பழத்தை இரண்டாகத் திருகினால் கொட்டை தனியாகக் கழன்று வரும். பீச்சில் கொட்டை கழலும் குணம் ஓங்கிய குணம், தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளியே தெரியும்; ஒட்டும் குணம் ஒடுங்கிய குணம், இருவரிடமிருந்தும் வந்தால்தான் தெரியும். ஒட்டுகிற தாய்க்குக் கழல்கிற பிள்ளை பிறந்தால், அந்தக் குணம் தகப்பன் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். ஏர்லி கிராஃபோர்டு கொட்டை கழலும் ரகம்.

எல்பர்ட்டா ஏன் அவ்வளவு பரவியது? ருசியில் அதைவிட நல்ல ரகங்கள் அப்போதே இருந்தன. ஆனால் பீச் அடிபடும் பழம், விரல் அழுத்தினாலே கன்றிவிடும். எல்பர்ட்டா தாக்குப்பிடித்தது. ரம்ஃப் அதை ஐஸ் வைத்த பெட்டிகளில் அடுக்கித் தூரத்துச் சந்தைகளுக்கு ரயிலில் அனுப்பினார். அதுவரை பருத்தியை நம்பியிருந்த ஜார்ஜியாவுக்குப் பீச் மாநிலம் என்ற பெயர் வந்ததில் இந்த ஒரு மரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. டப்பாவில் அடைப்பதற்கும் உலர்த்துவதற்கும் கூட அதையே தேடினார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பீச் மரம் குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும். தூக்கம் கலைந்து பூக்க வேண்டுமானால் ஒரு குறிப்பிட்ட அளவு குளிரை அது வாங்கியிருக்க வேண்டும். 0 முதல் 7 டிகிரி வரை வெப்பம் இருக்கும் மணி நேரங்களை எண்ணிக் கூட்டுவார்கள். இதைக் குளிர் மணி என்போம். எல்பர்ட்டாவுக்குச் சுமார் 800 குளிர் மணி வேண்டும். கும்பகோணத்தில் மார்கழி விடியற்காலையில் கோலம் போடும் நேரத்தில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். 7 டிகிரி என்பது டெல்டா காணாத ஒன்று. உங்கள் கொல்லையில் ஓர் ஆண்டின் குளிர் மணிக் கணக்கு சைபர். அடுத்த ஆண்டும் சைபர். எல்பர்ட்டா அங்கே பூக்காது.

கொடைக்கானலிலேயே எல்பர்ட்டாவுக்கு முழுக் குளிர் கிடைக்காது. நீங்கள் சாப்பிட்ட கொடைக்கானல் பீச் வேறு வம்சம். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

பதிவு 4 | மன்னை_இளவல்

ஐயா, அருமையான விளக்கம். ரெண்டு சந்தேகம். ஒன்னு, மரத்துக்கு எதுக்குக் குளிர் தேவைப்படணும்? வெயில்ல வளர்ற செடிக்கு வெயில் அதிகமா இருந்தா நல்லதுதானே? ரெண்டாவது, பெரிய டிரம்ல வச்சு மார்கழியில வேர்ல ஐஸ் கட்டி கொட்டினா பூக்காதா? யூடியூப்ல ஒருத்தர் அப்படிச் செய்யறார்.

பதிவு 5 | வெண்ணாறு_டீச்சர்

தம்பி, இரண்டும் நல்ல கேள்வி. நான் தஞ்சாவூரில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன்.

பீச்சின் சொந்த ஊர் சீனம். பாரசீகப் பழம் என்றுதான் ஐரோப்பியர்கள் நெடுங்காலம் நினைத்தார்கள். ஆனால் சீனத்தின் கிழக்கே செஜியாங் மாகாணத்தில், யாங்சி ஆற்றின் கீழ்ப்படுகையில், புதைபொருள் ஆய்வில் 7,500 ஆண்டுகளுக்கும் முந்தைய பீச் கொட்டைகள் கிடைத்திருக்கின்றன. தெற்கே குன்மிங் நகரத்தில் சாலை வேலையின்போது வெளிப்பட்ட கல்லான கொட்டைகளின் வயது 25 லட்சம் ஆண்டுகளுக்கு மேல். மனிதர்கள் அந்தப் பக்கம் வருவதற்கு முன்பே பீச் அங்கே இருந்திருக்கிறது.

அந்த ஊரில் குளிர்காலம் வரும். குளிரின் நடுவே நாலு நாள் வெயில் அடித்தால், "வசந்தம் வந்துவிட்டது" என்று மரம் ஏமாந்து பூத்துவிட்டால், அடுத்த வாரம் உறைபனி விழுந்து பூ மொத்தமும் கருகும். அந்த ஆண்டு விதை இல்லை. எனவே மொட்டுக்குள் ஒரு பூட்டு இருக்கிறது. குளிர் முழுக்கக் கழிந்தது என்று உறுதியான பிறகே அது திறக்கும். பீச்சின் மரபணு வரிசையில் அடுத்தடுத்து அமைந்த ஆறு ஜீன்கள் இந்தப் பூட்டோடு தொடர்புள்ளவை. குளிர் ஏற ஏற அவற்றில் முக்கியமானவற்றின் வேலை அடங்கும், அதன் பிறகு மொட்டு விழிக்கும். மெக்சிகோவில் இலையையே உதிர்க்காமல் வளர்ந்துகொண்டே இருக்கும் ஒரு பீச் மரம் கிடைத்தது. ஆராய்ந்து பார்த்தபோது அந்த ஆறு ஜீன்களின் வரிசையில் ஒரு பகுதியே விடுபட்டிருந்தது. பூட்டு எங்கே இருக்கிறது என்று அந்த மரம்தான் காட்டிக்கொடுத்தது.

ஐஸ் கட்டிக்கு வருகிறேன். குளிரை எண்ணுவது மொட்டு. வேரில் ஐஸ் கொட்டினால் கிளை நுனியில் இருக்கும் மொட்டுக்கு ஒன்றும் தெரியாது. வேர்தான் வதங்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரவில் கொஞ்சம் குளிர் சேர்ந்தாலும், பகலில் 16 டிகிரிக்கு மேல் போனால் சேர்ந்ததில் ஒரு பகுதி அழிந்துபோகும் என்று 1970-களில் அமெரிக்காவின் யூட்டாவில் கணக்கிட்டுக் காட்டினார்கள். நம் ஊரில் மார்கழிப் பகல் 28 டிகிரி. ஆய்வுக்கூடத்தில் தொட்டிச் செடியைக் குளிரறைக்குள் வாரக்கணக்கில் வைத்துப் பூக்க வைக்க முடியும். அது வீட்டில் செய்யக்கூடியது இல்லை.

பதிவு 6 | குறுவைக்காரர்

டீச்சர் சொன்ன பூட்டு நெல்லுலயும் இருக்கு. நம்ம பழைய சம்பா ரகங்களை யாராச்சும் சித்திரையில விதைச்சுப் பார்த்திருக்கீங்களா? தூர் கட்டும், தோகை அடிக்கும், உயரமா நிக்கும், கதிர் மட்டும் வராது. பகல் பொழுது குறையற காலம் வந்தாத்தான் கதிர் தள்ளும். எத்தனை மூட்டை உரம் கொட்டினாலும் அது தன் பருவத்தைத்தான் பார்க்கும். இங்க பகல் நேரம், அங்க குளிர். கணக்கு ஒன்னுதான்.

அந்தப் பூட்டைக் கழட்டினதாலதான் குறுவை இன்னிக்கு இருக்கிற மாதிரி ஆச்சு. 1960-களின் நடுவுல ஆடுதுறையில இருந்து ஏடிடி 27 வந்துச்சு. ஜப்பான் நெல்லு நோரின் 10-ஐயும் நம்ம ஜிஇபி 24-ஐயும் கலந்து எடுத்த ரகம். அந்தக் காலத்துல தஞ்சாவூர் ஜில்லாவே அதைத்தான் குறுவைக்கு நட்டுச்சு. அதனால நான் கேக்கறது இதுதான்: பீச்சுல அந்த மாதிரி பூட்டு கழட்டின ரகத்தை யாரும் எடுக்கலையா?

பதிவு 7 | பழனிமலைச்சாரல்

எடுத்தார்கள். அதைத்தான் தனியாக எழுதுகிறேன் என்று சொன்னேன். குறுவைக்காரர் ஐயா சரியான இடத்தில் கேட்டிருக்கிறார்.

பீச் சீனத்தின் வடக்கிலும் இருக்கிறது, தெற்கிலும் இருக்கிறது. தெற்கே போகப் போகக் குளிர்காலம் குட்டை, எனவே அந்த மரங்களின் தேவையும் குறைவு. அந்தத் தென்சீன வழி மரங்கள் ஒக்கினாவா தீவுக்கும் ஹவாய்க்கும் போயிருக்கின்றன. பழம் சின்னது, வெள்ளைச் சதை, கெட்டித்தன்மை இல்லை. சந்தைக்கு உதவாத மரங்கள் என்று ஒதுக்கியிருப்பார்கள். ஆனால் அவற்றிடம் ஒரு செல்வம் இருந்தது. மிகக் கொஞ்சம் குளிரிலேயே பூத்தன.

1950-களின் தொடக்கத்தில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஷார்ப் என்பவர் இந்த மரங்களை எடுத்து, குளிர்ப் பிரதேசத்தின் நல்ல பழ ரகங்களோடு கலக்க ஆரம்பித்தார். நெல்லில் மூன்று, நான்கு மாதத்தில் அடுத்த தலைமுறையைப் பார்த்துவிடலாம். பீச்சில் ஒவ்வொரு தலைமுறைக்கும் மூன்று ஆண்டாவது காத்திருக்க வேண்டும். முதல் கலப்பில் குளிர்த் தேவை குறையும், பழமும் சிறுத்துவிடும். திரும்பவும் பெரிய பழத்தோடு கலந்தால் குளிர்த் தேவை ஏறிவிடும். இப்படி மாறி மாறிப் பல தலைமுறை. 1960-களில் ஃப்ளோரிடாசன் வந்தது, சுமார் 300 குளிர் மணி. பிறகு அதே பல்கலைக்கழகத்தில் வேன் ஷெர்மன் என்பவர் காலத்தில், 1982-இல், ஃப்ளோரிடாபிரின்ஸ். அதற்கு 150 போதும். பூத்து 80 நாள் சுமாருக்குள் பழுத்துவிடும். மஞ்சள் சதை, மேல்தோலில் நல்ல சிவப்பு, பழம் நடுத்தர அளவு. கொட்டை முழுக்கக் கழலாது, கொஞ்சம் பிடித்துக்கொண்டே வரும்.

என் மதிப்பில் எல்பர்ட்டாவைவிட இந்த ஃப்ளோரிடாபிரின்ஸ் பெரிய சாதனை. எல்பர்ட்டா ஒருவருக்குத் தற்செயலாகக் கிடைத்த வரம். ஃப்ளோரிடாபிரின்ஸ் ஒவ்வொரு படியாகத் தேடி எடுத்தது. எகிப்து, மொராக்கோ என்று பீச்சே நினைக்க முடியாத சூட்டு ஊர்களில் அது காய்த்தது.

நம் நாட்டுக்கும் இந்த வம்சம்தான் வந்தது. பஞ்சாப் சமவெளியில், லூதியானா பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் ரகங்களில் ஃப்ளோரிடாபிரின்ஸ், எர்லி கிராண்டே, ஷான்-இ-பஞ்சாப் எல்லாம் உண்டு. ஃப்ளோரிடாபிரின்ஸ் அங்கே ஏப்ரலிலேயே பழுக்கிறது. கோடையில் பழ ஈ பெருகுவதற்குள் அறுத்துவிடலாம் என்பது அவர்களுக்குப் பெரிய லாபம். உத்தரப்பிரதேசத்தின் ஷர்பதி என்ற பழைய ரகத்தையும் ஃப்ளோரிடாசன்னையும் கலந்து பிரபாத் என்ற ரகமும் எடுத்திருக்கிறார்கள். நம் மலைகளுக்குப் பரிந்துரைப்பதிலும் ஃப்ளோரிடாசன் உண்டு.

பதிவு 8 | மன்னை_இளவல்

பஞ்சாப் சமவெளியிலயே காய்க்குதுன்னா நம்ம சமவெளியில ஏன் முடியாது? 150 மணி நேரம்கிறது 10 நாள் கூட இல்லையே. நாம ஃப்ளோரிடாபிரின்ஸ் வாங்கி வச்சுப் பார்க்கலாமே. தாய்லாந்து, இந்தோனேசியா எல்லாம் நம்மளவிட வெப்பமான ஊரு, அங்கயும் பீச் இருக்கு, ஆப்பிள் இருக்குன்னு படிச்சேன். முயற்சியே பண்ணாம முடியாதுன்னு சொல்றது எனக்குச் சரியாப் படலை.

பதிவு 9 | வெண்ணாறு_டீச்சர்

தம்பியின் ஆர்வத்தைக் குறைக்க எனக்கு மனமில்லை. கணக்கை மட்டும் பார்ப்போம். லூதியானாவில் மார்கழி, தை இரவுகளில் 5, 6 டிகிரிக்குப் போகும், பனிமூட்டத்தில் பகலும் குளிர்ந்தே இருக்கும். அவர்களுக்கு 150 குளிர் மணி சர்வசாதாரணம். நமக்கு 150-இல் ஒன்றுகூட இல்லை. சமவெளி என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. ஒன்று வடக்கே 31-ஆம் பாகையில் இருக்கிறது, நாம் 11-க்கும் கீழே, கடலோரத்தில்.

தாய்லாந்தில் பீச் விளைவது வடக்கு மலைகளில். 1969-இல் தொடங்கிய அரசத் திட்டத்தில், அபின் செடி பயிரிட்ட மலைக் கிராமங்களுக்கு மாற்றுப் பயிராகப் பீச் உள்ளிட்ட குளிர்ப் பழங்களைக் கொண்டுபோனார்கள். இந்தோனேசியாவின் ஜாவா தீவில் ஆப்பிள் விளைவதும் பட்டு என்ற மலை ஊரில்தான். அங்கே ஓர் அழகான உத்தி செய்கிறார்கள். அறுவடை முடிந்ததும் இலைகளையெல்லாம் கையால் உருவி எடுத்துவிடுவார்கள். மொட்டு ஆழமான தூக்கத்துக்குப் போவதற்குள் அதை எழுப்பிவிடுவதுதான் அதன் சூட்சுமம். ஆனால் அதுவும் இரவு குளிர்ந்த மேட்டு நிலத்தில்தான் நடக்கிறது. கொடைக்கானல் தஞ்சாவூருக்குத் தெற்கே இருந்தும் பீச் கொடுக்கிறது என்றால் அதற்குக் காரணம் 2,000 மீட்டரைத் தாண்டிய உயரம்.

ஒன்றில் மட்டும் உங்களோடு நிற்கிறேன். என்றைக்கும் முடியாது என்று நானும் சொல்லமாட்டேன். மெக்சிகோவின் அந்தத் தூங்காத மரத்தின் குணத்தை நல்ல பழத்தோடு சேர்த்தால் என்ன ஆகும் என்பது திறந்த கேள்விதான். அது ஆராய்ச்சி நிலையத்தின் வேலை. அரசலாற்றங்கரை அண்ணன் காசு கொடுத்து வாங்கப்போவது அந்த மரம் இல்லை, எல்பர்ட்டா.

பதிவு 10 | படுகைவாழை

குளிரை விடுங்க. மண்ணைப் பத்தி யாரும் பேசலையே. பீச்சுக்கு எந்த மண் வேணும்? எங்க கொள்ளிடப் படுகை மணல் கலந்த வண்டல், தண்ணி நிக்காது. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் களி. ஐப்பசி, கார்த்திகை மழையில வாய்க்காலும் வயலும் ஒன்னாயிடும்.

பதிவு 11 | பழனிமலைச்சாரல்

இது முக்கியமான கேள்வி. குளிர்ப் பிரச்சினையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், டெல்டாவில் பீச்சைக் கொல்வது மழைக்காலம்தான். பழ மரங்களில் தண்ணீர் தேங்குவதைக் கொஞ்சமும் பொறுக்காதவற்றில் பீச் முன்னால் நிற்கும். கொய்யா நாலு நாள் தண்ணீரில் நின்றாலும் மீளும், பீச் மீளாது.

காரணம் வெறும் மூச்சுத்திணறல் மட்டும் இல்லை. பீச்சின் வேர்ப்பட்டையில் புருனாசின் என்ற பொருள் இருக்கிறது. மண்ணில் காற்று அற்றுப்போனால் அது உடைந்து சயனைடு வெளிப்படும். வேர் தன் விஷத்தாலேயே சாகும். மேலே இலை வாடுவதைப் பார்த்து நாம் "தண்ணி பத்தலை" என்று இன்னும் ஊற்றுவோம்.

மணல் கலந்த படுகை மண் பொருந்தும்தான், ஆனால் அங்கே வேறு ஒரு எதிரி. நீங்கள் ஆண்டாண்டாக வாழை வைக்கும் நிலத்தில் வேர்முடிச்சு நூற்புழு இருக்கும். பீச் வேருக்கும் அது பிடித்தமானது. முன்பு சொன்ன ஒக்கினாவா மரங்களுக்கு இந்தப் புழுவைத் தாங்கும் சக்தி உண்டு. எனவே அந்த வம்சத்தை வேர்க்கன்றாக வைத்து அதன் மேல் நல்ல ரகத்தை ஒட்டுக்கட்டுவார்கள். ஒட்டுக்கன்று வாங்கும்போது மேலே என்ன ரகம் என்று எல்லாரும் கேட்கிறார்கள். கீழே என்ன வேர் என்று கேட்பவர் அரிது. இதை எந்தப் பழக்கன்றுக்கும் கேளுங்கள், மாவுக்கும் எலுமிச்சைக்கும் கூட.

பதிவு 12 | திருவாரூர்_டூ_அட்லாண்டா

இழையைப் படிச்சிட்டு எழுதாம இருக்க முடியலை. சொந்த ஊர் திருவாரூர், இப்ப ஜார்ஜியாவுல இருக்கேன். இங்க கோடையில சாலையோரக் கடையெல்லாம் பீச்தான். ஆனா எல்பர்ட்டான்னு பேர் சொல்லி விக்கறதைப் பார்க்கறதே அபூர்வம். அது பிறந்த ஊர்லயே அதோட இடத்தை அடுத்தடுத்த ரகங்கள் பிடிச்சிருச்சு.

பெரியவர் எல்பர்ட்டா கதை சொன்னார், நான் அதோட வாரிசு கதையைச் சேர்க்கறேன். வடக்கே மிச்சிகன்ல சவுத் ஹேவன்னு ஒரு ஊர். அங்க ஸ்டான்லி ஜான்ஸ்டன் 1940-இல் ரெட்ஹேவன்னு ஒரு ரகம் வெளியிட்டார். அதுவரைக்கும் பீச்னா மஞ்சள்ல கொஞ்சம் சிவப்பு பூசின மாதிரி இருக்கும். ரெட்ஹேவன் ஏறக்குறைய முழுப் பழமும் சிவப்பு, சுணை குறைவு, கெட்டி. அதுக்கப்புறம் சந்தையில பீச்னாலே சிவப்பா இருக்கணும்னு ஆகிப்போச்சு. அதுக்கும் 900 மணி நேரத்தை ஒட்டிக் குளிர் வேணும், அதனால நம்ம ஊர் ஆசைக்கு அதுவும் உதவாது.

ஊர்ல இருந்து மாமா ஒருத்தர் "வர்றப்ப ரெண்டு கொட்டை எடுத்துட்டு வா"ன்னார். தயவு செஞ்சு யாரும் செய்யாதீங்க. 2003-ஆம் ஆண்டு தாவரத் தொற்றுத்தடை ஆணைப்படி அனுமதியும் நோயில்லாச் சான்றும் இல்லாம விதை, கன்னு எதையும் கொண்டுவரக் கூடாது. சட்டம்கிறதைவிட, பீச்சோட வர்ற வைரஸ் நம்ம மலைத் தோட்டத்துல இறங்கினா அதை யார் திருப்பி எடுக்கறது?

பதிவு 13 | அரசலாற்றுக்கரை

எல்லாருக்கும் மனசார நன்றி. இவ்வளவு விவரம் ஒரு இடத்துல கிடைக்கும்னு எதிர்பார்க்கலை. பெரியவர் சொன்னபடி நாற்றங்காலுக்குப் போன் போட்டு ரெண்டே கேள்வி கேட்டேன். இந்த ரகத்துக்கு எத்தனை குளிர் மணி வேணும், வேர்க்கன்னு என்ன. முதல் கேள்விக்கு "அதெல்லாம் வெளிநாட்டுக்கு சார், இது நம்ம ஊருக்குப் பழக்கினது"ன்னார். எந்த ஊர்ல பழக்கினது, அங்க காய்ச்ச மரத்தைப் பார்க்கலாமான்னு கேட்டேன். பதில் இல்லை. நான் பணம் கட்டலை.

ஆனா ஆசை விட்டுப்போகலை. கொடைக்கானல் பழத்துக் கொட்டையைச் சும்மா ஊன்றிப் பார்த்தா முளைக்குமா? பிள்ளைங்க பார்க்கட்டும்னுதான். அந்த மலைப்பழத்துலயே சிலது கொட்டை கழலுது, சிலது ஒட்டுது, சிலது சுணையே இல்லாம வழவழன்னு இருக்கு. இதெல்லாம் வேற வேற மரமா?

பதிவு 14 | வெண்ணாறு_டீச்சர்

முளைக்க வைக்கலாம், அதற்கும் குளிர் வேண்டும். மொட்டுக்கு இருக்கும் அதே கட்டுப்பாடு விதைக்கும் உண்டு. கொட்டையைக் கழுவி, ஈர மணலோடு டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு மூன்று மாதம் வையுங்கள். உறைய விடக்கூடாது, காயவும் விடக்கூடாது. ஓடு வெடித்து வெள்ளை வேர் எட்டிப்பார்க்கும்போது தொட்டிக்கு மாற்றுங்கள். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. மரமாகிக் காய்க்கும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இன்னொரு எச்சரிக்கை: ஓட்டை உடைத்தால் உள்ளே வாதுமைப் பருப்பு சாயலில் ஒரு பருப்பு இருக்கும். பீச்சும் வாதுமையும் நெருங்கிய உறவு. ஆனால் பீச் பருப்பில் அமிக்டலின் அதிகம், அது வயிற்றுக்குள் சயனைடு ஆகும். பிள்ளைகள் மென்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுணை இல்லாத வழவழப் பழம் நெக்டரின். பிளம்ஸும் பீச்சும் சேர்ந்து பிறந்தது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள், அது சரியில்லை. முழுக்கப் பீச்தான். தோலில் சுணை முளைக்க வைக்கும் ஒரு ஜீன் வேலை செய்யாமல் போனதால் வந்த மாற்றம். அந்தக் குணம் ஒடுங்கியது, தாய் தகப்பன் இரண்டு பக்கமும் வந்தால்தான் வெளியே தெரியும். சுணையுள்ள பீச் மரத்தின் கொட்டையிலிருந்து நெக்டரின் மரம் முளைப்பது உண்டு. வெள்ளைச் சதையும் அப்படி ஒரே ஒரு ஜீனின் வேலைதான். மஞ்சள் நிறப்பொருளை உடைக்கும் அந்த ஜீன் வேலை செய்தால் வெள்ளை, செய்யாவிட்டால் மஞ்சள். தட்டையாக அமுக்கின மாதிரி வரும் பீச்சும் இன்னொரு ஜீன். மற்றப் பல பழ மரங்களைப் போல இல்லாமல் பீச் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், அதனால்தான் இந்தக் குணங்களை இவ்வளவு தெளிவாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது. 2013-இல் அதன் மரபணு முழுவதையும் படித்து வெளியிட்டுவிட்டார்கள். எட்டே எட்டு ஜோடி குரோமோசோம்.

பதிவு 15 | குறுவைக்காரர்

பழம் வாங்கற விவரமும் சொல்லிடுங்க. பேத்திக்காக வாங்கினா பாதி நேரம் புளிப்பு, பாதி நேரம் மாவா இருக்கு. சிவப்பா பார்த்துத்தான் எடுக்கறேன்.

பதிவு 16 | பழனிமலைச்சாரல்

சிவப்பைப் பார்க்காதீர்கள் ஐயா. சிவப்பு வெயில் பட்ட பக்கம் வருவது, ரகத்தைப் பொறுத்தது. காய் பழுக்காமலே சிவந்து நிற்கும். காம்புக் குழியைச் சுற்றி, சிவப்பு ஏறாத இடத்தில் அடிநிறத்தைப் பாருங்கள். அங்கே பச்சை தெரிந்தால் அவசரப்பட்டுப் பறித்தது, எத்தனை நாள் வைத்தாலும் இனிப்பு ஏறாது, மெத்தென்று மட்டும் ஆகும். அடிநிறம் மஞ்சளாகவோ, வெள்ளைச் சதை ரகமானால் பாலாடை நிறமாகவோ மாறியிருந்தால் எடுங்கள். மூக்கில் வைத்தால் மணக்க வேண்டும்.

மாவாகப் போவது பெரும்பாலும் ஃப்ரிட்ஜால் வருவது. முழுக்கப் பழுக்காத பீச்சை 2 முதல் 8 டிகிரிக்குள் நாட்கணக்கில் வைத்தால் சதையின் சாறு கட்டிக்கொண்டு மாவுபோல் ஆகிவிடும். வீட்டு ஃப்ரிட்ஜ் சரியாக அந்த இடத்தில்தான் நிற்கிறது. மலையிலிருந்து வந்ததும் காகிதத்தில் சுற்றி வெளியே வையுங்கள், காம்புப் பக்கம் கீழே இருக்கட்டும். ஒன்றின் மேல் ஒன்று அடுக்க வேண்டாம். தோள் பக்கம் லேசாக அழுத்தினால் கொடுக்கும் பதம் வந்ததும் சாப்பிட்டுவிடுங்கள். மிச்சம் இருந்தால் மட்டும் ஃப்ரிட்ஜ், அதுவும் ஓரிரு நாளைக்கு.

அரசலாற்றங்கரைத் தம்பிக்கு: சித்திரையில் மலைக்கு யாராவது போனால், சாலையோரக் கடையில் வாங்காமல் தோட்டத்திலேயே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். எந்த மரத்தில் பறித்தது, என்ன ரகம் என்று கேட்டால் தோட்டக்காரர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். கொட்டையையும் அந்தப் பெயரோடு எடுத்து வையுங்கள்.

பதிவு 17 | அரசலாற்றுக்கரை

சரிங்க ஐயா. மச்சான் வீட்டுல சித்திரை கடைசியில போறாங்க, சொல்லி வச்சிருக்கேன். தென்னை போன இடத்துல படுகைவாழை அண்ணன்கிட்ட பூவன் கட்டை ரெண்டு கேட்டிருக்கேன். கொல்லை கொஞ்சம் மேடுதான், தண்ணி நிக்காது.

பதிவு 18 | படுகைவாழை

தர்றேன் தம்பி. ஆடிப்பெருக்குக்கு அப்புறம் வாங்க, நோய் இல்லாத தாய்மரமாப் பார்த்து எடுத்து வைக்கறேன்.